புருவத்துக்கு வந்தவர் கொண்டுவந்த நெஞ்சுப் படம்

புருவம் தூக்கும் ஆபரேஷனுக்கு வருகிறவர்களிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று சிஸ்டர்களான உங்களுக்கு ஒரு தாள் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். வாங்கிப் படித்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு மூன்று நாளில் நெற்றி வீக்கம் கண்ணுக்கு இறங்கும், கண்ணைச் சுற்றிக் கறுத்துப்போகும், பயப்பட வேண்டாம். தலையணையை உயர்த்திப் படுக்க வேண்டும், குனிந்து தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. நெற்றி சில மாதம் மரத்துப்போயிருக்கும், உணர்வு திரும்பும்போது அரிக்கும். இரண்டு புருவமும் அச்சு அசலாக ஒன்றுபோல் அமையாது. பீடி சிகரெட் பிடித்தால் காயம் ஆறத் தாமதமாகும். எல்லாம் சரிதான். ஆனால் இவை அத்தனையும் நாம் அவர்களிடம் சொல்ல வேண்டியவை. அவர்கள் நம்மிடம் சொல்ல வேண்டியதைப் பற்றித் தாளில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: ‘உங்கள் உடல்நலம் குறித்த முழு விவரங்களையும் தெரிவிக்கவும்.’ அந்த ஒரு வரியால் நான் ஒரு மனிதரைக் கொல்லப் பார்த்தேன். அதைத்தான் எழுதப்போகிறேன்.

நான் கோலார் தங்கவயலில் இந்த ஆண்டர்சன்பேட்டை நர்சிங் ஹோமில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தேன். கடைசி ஒன்பது வருடம் இப்போது நீங்கள் பார்க்கிற அதே வேலை. ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளியை உட்காரவைத்துக் கேள்வி கேட்டு ஃபாரம் நிரப்புவது. எனக்குப் பிறவியிலேயே பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். டாக்டர்கள் என் முதுகுக்குப் பின்னால் ‘சந்தேக சிஸ்டர்’ என்று கூப்பிட்டார்கள். கொஞ்ச நாள் கழித்து முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். நான் வருத்தப்படவில்லை. இந்த வேலைக்குப் பயந்த சுபாவம் நல்லதுதான். என்ன, அது விழித்திருக்க வேண்டிய நேரத்தில் விழித்திருக்க வேண்டும். அந்த ஒரு நாள் அது அசந்துவிட்டது.

மாதத்தில் இரண்டு சனிக்கிழமை பெங்களூரிலிருந்து பிளாஸ்டிக் சர்ஜன் வருவார், உங்களுக்குத் தெரியும். அவரோடு அதே காரில் மயக்க மருந்து டாக்டரம்மாவும் வருவார். காலை எட்டு மணிக்குள் தொடங்கினால்தான் சாயந்திரம் கிளம்ப முடியும். ஒருவரைத் தள்ளிப்போட்டால் அடுத்த வாய்ப்பு பதினைந்து நாள் கழித்துத்தான். அதனால் அந்தச் சனிக்கிழமைகளில் எல்லோருக்கும் காலில் சக்கரம். யாராவது “கொஞ்சம் நில்லுங்கள்” என்று சொன்னால் எல்லோர் முகமும் சுருங்கும். அந்த முகச்சுருக்கத்துக்குப் பயந்து எத்தனை சிஸ்டர்கள் வாயை மூடிக்கொள்கிறோம் என்று எனக்குத் தெரியும், நானும் மூடியிருக்கிறேன்.

ஏகாம்பரம் வந்தது அதற்கு முந்தைய புதன்கிழமை. மாரிகுப்பத்துக்காரர், அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தார். மைன்ஸ் என்று நாம் சொல்லும் தங்கச் சுரங்கம் மூடும்வரை அண்டர்கிரவுண்டில் வேலை செய்தவர். அதற்குப் பிறகு தினமும் விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய் ஓர் அபார்ட்மென்டில் செக்யூரிட்டி வேலை. நாலு வருடத்துக்கு முன் முகவாதம் வந்து வலது பக்கம் இழுத்துக்கொண்டது. வாய் ஓரளவு சரியாகிவிட்டது, புருவம் மட்டும் எழவில்லை. கண்மேல் தொங்கி, பாதிக் கண்ணை மறைத்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒரு பிளாஸ்டர் துண்டால் புருவத்தை நெற்றியோடு இழுத்து ஒட்டிக்கொள்வாராம். வியர்த்தால் அது பிய்ந்துகொண்டு வந்துவிடும்.

“கேமராவுல பாத்துட்டு சூப்பர்வைசரு நான் தூங்கறேன்றாரு சிஸ்டர். முழிச்சுகினுதான் கீறேன். ஒரு கண்ணு மூடின மாதிரி தெரியுது, நான் இன்னா பண்றது? மாசக் கடசிக்குள்ள சரி பண்ணிகினு வா, இல்லாங்காட்டி வேற ஆளு போட்டுருவேன்னுட்டாரு” என்றார்.

அவர் மனைவி சரோஜா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். இவர்கள் இருவர்தான், பிழைப்புக்கு அந்த வேலைதான். 

சர்ஜன் ஏற்கெனவே பார்த்து முடிவு செய்திருந்தார். முழு மயக்கம் கொடுத்து, தலைமுடிக்குள் சின்னதாகக் கீறி, உள்ளிருந்து புருவத்தை இழுத்துக் கட்டுவது. வெளியே தழும்பு தெரியாது. இமை மூடுகிறதா என்று கண் டாக்டரும் பார்த்தாயிற்று. அது முக்கியம், மறக்காதீர்கள். முகவாதக்காரர்களுக்குப் புருவத்தை அதிகம் தூக்கிவிட்டால் கண் மூடாமல் கருவிழி காய்ந்துபோகும். அதை நான் ஏகாம்பரத்திடம் விளக்கினேன். தூக்கிய புருவம் இடத்தில் நிற்குமே தவிர பழையபடி அசையாது என்றும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு என் கேள்விகளை ஆரம்பித்தேன்.

“சர்க்கரை?”

“இல்ல.”

“பிரஷர்?”

“இல்ல.”

“மூச்சு வாங்குறது, இருமல், வீசிங்?”

“இல்ல.”

“மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?”

“ஒண்ணும் இல்ல சிஸ்டர்.”

நாற்காலியின் நுனியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, கேள்வி முடிவதற்குள் பதில் சொன்னார். மூச்சு பற்றிக் கேட்டபோது சரோஜா வாயைத் திறந்தார். “நீ கம்னு இரு” என்றார் ஏகாம்பரம். நான் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். “அக்காவ பேச உடுங்கண்ணா” என்று ஒப்புக்குச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். வெளியே இன்னும் ஒன்பது பேர் காத்திருந்தார்கள்.

“எலும்பு முறிவு ஏதாவது?”

அதற்கு மட்டும் அவர் முகம் மலர்ந்தது. இடது தோளைத் தட்டிக் காட்டினார். “கீழ லெவல்ல வேல செய்யும்போது கல்லு வுழுந்து இங்க ஒடஞ்சுது. ஆறு வாரத்துல திரும்பவும் கீழ எறங்கிட்டேன்.” இடது கழுத்தெலும்பு முறிவு என்று எழுதிக்கொண்டேன். எலும்பு உடைந்ததை எங்கள் ஊர் ஆண்கள் பெருமையாகச் சொல்வார்கள். மூச்சு வாங்குவதைச் சொல்ல மாட்டார்கள். இதை நான் வேறு யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மைன்ஸ் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்த ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர் ஒருவர் இருந்தார். அதிகம் பேச மாட்டார். “இல்லை என்று சொன்னால் உடனே டிக் போடாதே, மனதுக்குள் ஐந்து எண்ணு, அதற்குள் இரண்டாவது பதில் வரும்” என்பார். வருடக்கணக்காக நான் எண்ணியிருக்கிறேன், பாதிப் பேருக்காவது வந்திருக்கிறது. அன்றைக்கு எண்ணவில்லை. நம்ம ஊர் ஆள், நம்ம லைன் ஆள் மாதிரி, இவரிடம் என்ன கேட்டுக்கொண்டிருப்பது என்ற நினைப்பு. தெரிந்தவர் என்றால் பாதிக் கேள்விக்குப் பதிலை நாமே நிரப்பிவிடுகிறோம். உங்களுக்கும் இது நடக்கும்.

நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னேன். நம் மிஷின் அந்த வாரம் ரிப்பேர். வெளியே எடுத்துக்கொண்டு வந்தார். உறையில் அவர் பெயர், படத்தில் அவர் பெயர். படம் சுத்தமாக இருந்தது.

சனிக்கிழமை பட்டியலில் அவர் இரண்டாவது. ஏழே முக்காலுக்கு டாக்டரம்மா அவரைப் பார்த்தார். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். படி ஏறினால் மூச்சு வாங்குமா என்று கேட்டார். “நான் மைன்ஸு ஷாஃப்ட்ல எறங்கி ஏறினவன்மா” என்று ஏகாம்பரம் சிரித்தார். அவரும் சிரித்துவிட்டுத் தியேட்டருக்குள் போனார். முதல் ஆபரேஷன் தொடங்கியது.

ஒன்பதரைக்கு, முதல் ஆபரேஷன் முடிகிற நேரத்தில், ஏகாம்பரத்துக்குப் பச்சை கவுன் மாட்டிவிடப் போனேன். அவர் சட்டையைக் கழற்றினார். இடது கழுத்தெலும்பு நடுவில் கொட்டைப்பாக்கு அளவுக்கு மேடு. சரியாகச் சேராமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கூடிய எலும்பு. கவுனின் நாடாவைப் பின்னால் முடிச்சுப் போட்டேன். இரண்டாவது முடிச்சைப் பாதியில் விட்டேன். காலையில் அந்தப் படத்தை டாக்டரம்மா தூக்கிப் பிடித்தபோது நானும் பின்னால் நின்று பார்த்திருந்தேன். மேடு எதையும் பார்த்த ஞாபகம் இல்லை.

வராந்தாவுக்கு வந்து லைட் பாக்ஸில் படத்தை மாட்டினேன். இடது கழுத்தெலும்பு வழுவழுவென்று இருந்தது. திருப்பி மாட்டியிருக்கிறேனோ என்று எடுத்து மறுபக்கம் மாட்டினேன். அந்தப் பக்கமும் வழுவழு. இரண்டு எலும்பும் ஒரு நாளும் உடையாதவை. உறையை எடுத்துப் பெயரைப் படித்தேன். மறுபடியும் படித்தேன். பெயர் அவருடையதுதான்.

அந்த ஐந்து நிமிடத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தியேட்டருக்குள்ளிருந்து “அடுத்த பேஷன்ட் ரெடியா?” என்று குரல் வந்தது. நான் டாக்டர் இல்லை. பழைய முறிவு சில சமயம் படத்தில் தெரியாமல் போகுமோ என்னவோ. நான் சொன்னது தப்பாகிவிட்டால் பட்டியல் முழுக்கத் தள்ளிப்போகும், சர்ஜன் சத்தம் போடுவார், சந்தேக சிஸ்டர் என்று காலம் முழுக்கச் சிரிப்பார்கள். அதையெல்லாம்விட, சர்ஜன் அடுத்த முறை வருவதற்குள் மாதம் முடிந்துவிடும். இவர் வேலை போகும். தப்பில்லை என்றால்? இவர் நெஞ்சில் என்ன இருக்கிறது என்று இந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது. தெரியாமலே தூங்கவைத்துத் தொண்டைக்குள் குழாய் போடப்போகிறோம்.

“ரெடி ஆகிட்டு இருக்கார்” என்று கத்திவிட்டு உள்ளே போனேன். வார்டு ஆயாவை வெளியே அனுப்பினேன். கதவைச் சாத்தினேன்.

“அண்ணா, இந்தப் படம் யாருது?”

“என்துதான்.”

படத்தைக் கையில் வைத்துக்கொண்டு மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். புதன்கிழமை எண்ணியிருக்க வேண்டியதை அப்போது எண்ணினேன். நாலில் அவர் தலை குனிந்தது.

“தம்பிது” என்றார். “அவன் மைன்ஸுக்கே போகல. நெஞ்சு நல்லா கீது. எம்பேர சொல்லி எடுத்துகினு வந்தான்.”

“ஏண்ணா?”

“என்துல தூசி கீது சிஸ்டர். மாடிப்படி ஏறுனா நிக்கணும். படுத்தா இருமலு. அத்த காட்டுனா நீங்க ஃபெயில் பண்ணிடுவீங்க. ஆபரேசன் இல்லன்னு அனுப்பிடுவீங்க. இது பாஸாவணும் எனக்கு.”

பாஸாவது என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் கட்டில் ஓரத்தில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உங்களில் வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மைன்ஸ் ஓடிய காலத்தில் எங்கள் லைனில் ஆண்கள் பயந்தது கல் விழுவதற்கு இல்லை, வருடா வருடம் கம்பெனி வைக்கிற மெடிக்கல் பரிசோதனைக்கு. நெஞ்சு சரியில்லை என்று எழுதிவிட்டால் கீழே இறங்க விடமாட்டார்கள், வேலையே போய்விடும் என்று வீட்டுக்கு வீடு பேச்சு. அதனால் மெடிக்கல் வருகிறது என்றால் என் அப்பா மூன்று நாள் பீடியைத் தொட மாட்டார். அம்மா ஓமத் தண்ணீர் கொதிக்கவைத்துக் கொடுப்பார். சாயந்திரம் அப்பா சுவரோரம் நின்று மூச்சை இழுத்துப் பிடிப்பார், இருமாமல் எத்தனை நேரம் நிற்க முடிகிறது என்று நான் கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவேன். எனக்குப் பத்து வயது. எண்ணிக்கை ஏறினால் இரண்டு பேரும் கைதட்டுவோம். டாக்டர் எதைக் கேட்டாலும் ‘இல்லை’ என்று சட்டென்று சொல்ல வேண்டும், யோசித்தால் சந்தேகம் வரும் என்று அப்பா சொல்லுவார். ஒரு வருடம்கூட அவர் ஃபெயில் ஆகவில்லை. கடைசி ஆறு வருடம் அவரால் படுக்க முடியவில்லை, உட்கார்ந்தபடியே தூங்கினார். உட்கார்ந்தபடியே போனார்.

புதன்கிழமை ஏகாம்பரம் நாற்காலி நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்து சட்டுச் சட்டென்று இல்லை இல்லை என்றபோது, அது என் வீட்டில் நான் பார்த்த அதே பரீட்சை. நான் அதற்கு டிக் போட்டுக்கொண்டிருந்தேன். என்மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

“சொல்லிடாதீங்க சிஸ்டர்” என்றார் அவர். “நம்ம ஊரு ஆளுதான நீங்க.”

“நம்ம ஊரு ஆளுன்றதாலதாண்ணா சொல்லப் போறேன். நீங்களே சொன்னா நல்லா இருக்கும். நான் கூட நிக்கறேன்.”

டாக்டரம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினேன். கையுறையோடு, எரிச்சலோடு வந்தார். ஏகாம்பரம் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். டாக்டரம்மா ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் கிளிப்பை அவர் விரலில் மாட்டி, “இந்த வராந்தாவுல ரெண்டு தடவை வேகமா நடந்துட்டு வாங்க” என்றார். இரண்டாவது தடவை திரும்பும்போது ஏகாம்பரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். கிளிப்பில் எண் சரசரவென்று இறங்கியது. டாக்டரம்மா அந்த எண்ணைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கையுறையைக் கழற்றிப் போட்டார். காலையில் அவரும் சிரித்தவர்தானே.

சர்ஜன் வெளியே வந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். “ஃபாரம் யார் நிரப்பினது?” என்று மட்டும் கேட்டார். “நான்தான் சார். அவசரப்பட்டேன்” என்றேன். அதைச் சொல்வது சுலபமில்லை. ஆனாலும் சொல்லிவிடுங்கள். நாம் தப்பை ஒளித்துவைத்துக்கொண்டு நோயாளியிடம் மட்டும் உண்மையைக் கேட்க முடியாது.

அன்றைக்கு ஆபரேஷன் நின்றது. ஏகாம்பரம் சட்டையை மாட்டிக்கொண்டு, “அப்ப ஃபெயிலுதான்?” என்று கேட்டார். சர்ஜன் பெங்களூர்க்காரர், அவருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நான்தான் பதில் சொன்னேன். “இது பரீட்சை இல்லண்ணா. நீங்க ‘ஆமா’ன்னு சொன்னா ஆபரேசன் இல்லன்னு அர்த்தமில்ல. வேற வழியில பண்ணணும்னு அர்த்தம்.” சர்ஜன் தலையாட்டினார். முகத்தைக் கழுவிவிட்டு வந்து, நின்றபடியே அந்த வேறு வழியைச் சொன்னார். முழு மயக்கம் வேண்டாம். புருவத்துக்கு மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, புருவத்துக்கு மேலேயே ஒரு பட்டைத் தோலை எடுத்துத் தைத்துத் தூக்கலாம். நோயாளி விழித்திருப்பார். ஒரே சங்கடம், புருவத்தின் மேல் கோடுபோல ஒரு தழும்பு இருக்கும்.

“இருந்துட்டுப் போவுது” என்றார் ஏகாம்பரம். “இத்த மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் சிஸ்டர் தம்பிய அனுப்பப் போறேன்?”

யோசித்துப் பாருங்கள். நியாயமான கேள்வி. உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அதனால்தான் உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், கேள்வியைத் தொடங்கும் முன்பே இதைச் சொல்லுங்கள்: எதற்கு ‘ஆமாம்’ என்றாலும் உங்களைத் திருப்பி அனுப்ப இதைக் கேட்கவில்லை, எப்படிச் செய்தால் நல்லது என்று முடிவெடுக்கத்தான் கேட்கிறோம். சில சமயம் தள்ளிப்போகும், சில சமயம் வேண்டாம் என்றும் சொல்லுவோம், ஆனால் காரணத்தோடு சொல்லுவோம்.

சூப்பர்வைசர் விஷயம் மிச்சம் இருந்தது. சர்ஜனே லெட்டர்ஹெட்டில் நாலு வரி எழுதிக் கொடுத்தார். இவருக்கு நரம்பு பலவீனத்தால் புருவம் தொங்குகிறது, இது தூக்கம் இல்லை, ஆபரேஷன் நடக்கவிருக்கிறது. அந்தக் கடிதத்தைக் காட்டியதும் சூப்பர்வைசர் அடுத்த மாதக் கடைசிவரை தவணை கொடுத்தார். அதற்குமேல் முடியாது என்றும் சொன்னார்.

கோலாருக்குப் போய் நெஞ்சு டாக்டரைப் பார்த்தார்கள். இந்தத் தடவை அவருடைய நெஞ்சையே படம் எடுத்தார்கள். இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. சிலிகோசிஸ், கல்தூசி நுரையீரலில் படிந்து வருகிற நோய். உறிஞ்சும் மருந்து கொடுத்து, முழு மயக்கம் வேண்டாம், இருமல் ஓரளவு அடங்கிய பிறகு மரப்பு ஊசியில் செய்யலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

புது ஃபாரத்தை நான் மறுபடி நிரப்பினேன். ஒவ்வொரு பதிலுக்கும் ஐந்து எண்ணினேன். மாத்திரை என்று கேட்டு எண்ணிக்கொண்டிருந்தபோது சரோஜா, “இன்னும் ஒண்ணு கீது, அதையும் சொல்லு” என்றார். ஏகாம்பரம் அவரை முறைத்தார், பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஏதோ முகாமில் கொடுத்தார்களாம், ரத்தம் உறையாமல் இருக்க. நெற்றியில் கத்தி வைக்கிற இடத்தில் அந்த மாத்திரை எவ்வளவு ரத்தத்தைக் கொண்டுவரும் என்று நினைத்துக்கொண்டே அட்டையை டாக்டரிடம் எடுத்துப் போனேன். அதை நிறுத்தலாமா, எத்தனை நாள் நிறுத்தலாம் என்று டாக்டர்தான் முடிவெடுத்தார். இதுவும் சொல்லுங்கள்: மறைக்கவும் கூடாது, பயந்து தானாக நிறுத்தவும் கூடாது.

ஆபரேஷன் நாளன்று காலையில் எனக்கு இன்னொரு கவலை. விழித்திருக்கிற மனிதர், மல்லாந்து படுத்தால் இருமுகிறவர். கண்ணுக்கு ஒரு விரல் மேலே கத்தி. இருமல் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? சர்ஜன் தலைப்பக்கத்தை உயர்த்திக்கொள்ளலாம், இருமல் வருவதற்கு முன் பேசச் சொல்லலாம் என்றார். முகத்தை மூடிய துணிக்குள்ளிருந்து பேசும்போதே நெற்றி அசையுமே என்றேன்.

ஏகாம்பரம்தான் வழி சொன்னார். “நான் பேசல. உங்க கைய என் கையில குடுங்க சிஸ்டர். இருமலு வரும்போல இருந்தா ஒரு தட்டு தட்டறேன். கேஜ் ஓடிகினு இருக்கும்போது ஒரு மணி அடிச்சா இன்னா அர்த்தம்?”

“நிறுத்தணும்” என்றேன். கேஜ் என்பது ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றுகிற கூண்டு, அதற்கு மணிதான் பாஷை; எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

“அதான். ஒண்ணு அடிச்சா நிறுத்திடணும். இருமி முடிச்சதும் ரெண்டு தட்டறேன், அப்பறம் ஓட்டுங்க.”

அந்தச் சனிக்கிழமை சரியாக ஒன்றேகால் மணி நேரம் நான் அவர் தலைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். என் வலது கை துணிக்கு அடியில் அவர் உள்ளங்கையில். என் வேலை அந்தக் கையைக் கவனிப்பது மட்டுமே. பதினைந்தாவது நிமிடம் முதல் தட்டு. “நிறுத்துங்க” என்றேன். சர்ஜன் கத்தியைத் தூக்கினார். ஏகாம்பரம் இருமினார். இரண்டு தட்டு. மறுபடி தொடங்கினார்கள்.

இரண்டாவது தட்டு மோசமான இடத்தில் வந்தது. தோலை எடுத்துவிட்டார்கள், இன்னும் தைக்கவில்லை. இருமல் விடாமல் வந்தது, நெற்றியில் ரத்தம் துளிர்த்துக் கண்பக்கம் இறங்கியது. சர்ஜன் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு காத்திருந்தார். மானிட்டரில் எண் இறங்க ஆரம்பித்தது. டாக்டரம்மா ஆக்ஸிஜனைக் கூட்டினார். எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் மனதுக்குள் சொன்னேன், எங்கள் புத்த விகாரையில் சொல்வதையும் சொன்னேன், பக்கத்து வீட்டு அம்மன் கோயிலில் கேட்டதையும் சொன்னேன். எண் நின்றது. பிறகு மெதுவாக ஏறியது. என் உள்ளங்கையில் இரண்டு தட்டு விழுந்தபோது என் மூக்குக்கண்ணாடி வேர்த்திருந்தது. மூன்றாவது தட்டு தைத்து முடிக்கிற நேரத்தில், அது சின்ன இருமல்.

எட்டாம் நாள் தையல் பிரிக்க வந்தார். கண்ணைச் சுற்றி இன்னும் மஞ்சள் பூத்திருந்தது. சில ராத்திரி கண் முழுக்க மூடவில்லையாம், சரோஜாதான் களிம்பு போட்டுவிட்டிருக்கிறார். வலது புருவம் இடதைவிடக் கொஞ்சம் உயரமாக இருந்தது, நாளாக ஆகக் கொஞ்சம் இறங்கும் என்று சர்ஜன் சொல்லியிருந்தார். அதற்குக் கீழே முழுக் கண் தெரிந்தது. அந்தக் கண்ணை முழுதாக நான் அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். திங்கட்கிழமை வேலைக்குப் போகப்போவதாகச் சொன்னார். கண்ணாடியில் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு, தழும்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வேறு ஒன்று கேட்டார்.

“அன்னிக்கு எத்தினி தடவ நிறுத்தினேன் சிஸ்டர்?”

“மூணு தடவ.”

“டாக்டரு கோவப்பட்டாரா?”

“இல்லண்ணா. அதுக்குத்தான நான் உக்காந்து இருந்தேன்.”

அவர் கண்ணாடியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். “அங்க அத்தினி வருசம் கீழ எறங்குனேன். மூச்சு முட்டி, கண்ணு இருட்டிகினு வந்த நாளெல்லாம் உண்டு. மத்தவனுக்காக மணி அடிச்சுக் கீறேன் சிஸ்டர். எனக்காக ஒரு நாளும் அடிச்சதில்ல.”

நான் தையல் நூல்களைக் கிண்ணத்தில் எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்று இருக்க வேண்டும். மூன்று தடவை எண்ணியும் சரியாக வரவில்லை, கண்ணீர் மறைத்துவிட்டது.